பிரெஞ்சில 'போறனான்', 'வாறனான்' சொல்லுறது எப்பிடி? அம்பார்ஃபே படிக்க வெளிக்கிடுற ஆக்களுக்கு

நான் யாழ்ப்பாணத்தில இருந்துதான் பிரெஞ்சு படிச்சனான். அவர் பாரிஸில, நானும் பிள்ளையும் இங்க, பேப்பர் சரிவருமட்டும் சும்மா இருக்காமல் படிப்பம் எண்டு தொடங்கினது. ஏ1, அதாவது முதல் மட்டம், பெரிசா கரைச்சல் தரேல்லை. அடுத்த மட்டம் ஏ2வில அம்பார்ஃபே எண்ட இறந்தகாலம் வந்த இடத்தில மூண்டு மாசம் அப்பிடியே நிண்டிட்டன். ஒருநாள் ரியூசனில சின்ன வயசைப் பற்றி அரைப்பக்கம் எழுதச் சொன்னவை, நான் பதினொரு வசனம் எழுதினன், அதில ஒன்பதைச் சிவப்புப் பேனையால வட்டம் போட்டுத் திருப்பித் தந்தவை. எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை, ஒன்பதும் காலம் பிழை. ஏன் பிழை எண்டு கேக்க, இங்கிலீசில 'யூஸ்ட் டு', 'வாஸ் கோயிங்' எண்டு விளங்கப்படுத்திச்சினம். எனக்கு இங்கிலீசும் அரைகுறை, அப்ப ரெண்டு பாசையிலயும் சேர்த்துக் குழம்பினதுதான் மிச்சம்.

விளங்கினது ரியூசனில இல்லை, வீட்டு விறாந்தையில. அம்மம்மா முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தவ, கதையோட கதையா "உங்கட அப்பப்பா வெள்ளிக்கு வெள்ளி நல்லூருக்கு நடந்துதான் போறவர், ஒருநாள் மழைக்க விழுந்து கால் முறிஞ்சு போச்சுது" எண்டு சொன்னா. போறவர். போனவர் எண்டு அவ சொல்லேல்லை. அந்த 'போறவர்'தான் அம்பார்ஃபே, 'முறிஞ்சு போச்சுது'தான் பாஸே கொம்போஸே எண்ட மற்ற இறந்தகாலம். எங்கட பேச்சில இது எப்பவும் இருக்கு, எங்களுக்கு ஒருத்தரும் எடுத்துக் காட்டேல்லை, அவ்வளவுதான். இதை எழுதுறது நீங்களும் மூண்டு மாசம் அதில நிக்கக்கூடாது எண்டு.

பிரெஞ்சுச் சொல்லுகளைத் தமிழிலதான் எழுதியிருக்கிறன். ஒண்டை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ: கடைசியில 'லெ', 'தெ' எண்டு குறிலா எழுதினா வாயை அகலத் திறந்து சொல்ல வேணும், 'லே', 'தே' எண்டு நெடிலா எழுதினா வாயை ஒடுக்கிச் சொல்ல வேணும். 'அம்பார்ஃபே' எண்ட பேரை மட்டும் பழக்கத்தில நெடிலா எழுதியிருக்கிறன், அதுக்கும் வாயைத் திறக்கிறதுதான். கடைசியில 'ஓன்' எண்டு வந்தா ன் அடிக்காமல் மூக்கால விடுங்கோ.

1. தொடங்க முதல் என்ன வேணும், எவ்வளவு முடியும்

இந்தக் காலத்தைப் படிக்கக் காசு பெரிசா முடியாது. எண்பது பக்கச் சீஆர் கொப்பி ஒண்டு, நீலப் பேனை, சிவப்புப் பேனை, ரெக்கோட் பண்ணுற போன். நான் மாசம் 6000 ரூபா குடுத்து ரியூசனுக்குப் போனனான், ஆனா அம்பார்ஃபே சரிவந்தது வீட்டில கொப்பியோட இருந்த நாலு கிழமையில. முழு வினைச்சொல்லும் எல்லாக் காலத்திலயும் போட்ட மொத்தப் புத்தகத்தை இப்ப வாங்காதேங்கோ. அதில அம்பார்ஃபேக்குப் பக்கத்தில பாஸே சாம்ப்ல் எண்டு இன்னொரு இறந்தகாலம் கிடக்கும், அது கதைப்புத்தகத்தில வாறது, ஒருத்தரும் அதில கதைக்கிறேல்லை. ஏ2வுக்குத் தேவையில்லாத அதை நான் ரெண்டு கிழமை இருந்து பாடமாக்கினனான்.

காசை விட முக்கியம் ரெண்டு விசயம். ஒண்டு, நிகழ்காலத்தில 'நூ' வடிவம், அதாவது 'நாங்கள்' வடிவம், ஒரு இருவத்தைஞ்சு வினைச்சொல்லுக்காவது தெரியவேணும். மற்றது பாஸே கொம்போஸே ஓரளவு எழுத வரவேணும். இந்த ரெண்டும் இல்லாட்டி இதை மூடி வைச்சிட்டு முதல் அதுகளைப் பாருங்கோ, ஏன் எண்டா கீழ சொல்லுற எல்லாம் அதுக்கு மேலதான் கட்டுறது.

நேரக்கணக்கு: ஒரு நாளைக்கு நாப்பது நிமிசம். முதல் கிழமை தமிழில பிரிச்சுப் பழக, ரெண்டாம் கிழமை வால், அதாவது வினைச்சொல்லின்ர கடைசி எழுத்துகள், போட, மூண்டாம் கிழமை வாயால சொல்ல, நாலாம் கிழமை கதை எழுத. அவசரப்பட்டு முதல் கிழமையை விட்டிட்டு ஓடின ஆக்கள்தான் பேந்து திரும்பி வாறது.

2. பிரெஞ்சைத் தொடாமல் தமிழில பிரியுங்கோ

கொப்பியில ஒரு பக்கத்தை ரெண்டாக் கோடு போட்டுப் பிரியுங்கோ. இடப்பக்கம் 'போறனான்', வலப்பக்கம் 'போனனான்'. இப்ப உங்கட சின்ன வயசுக் கதை ஒண்டை வீட்டில கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ, எழுத்துத் தமிழுக்குப் போனீங்கள் எண்டா உதவாது. எழுத்துத் தமிழில ரெண்டுக்கும் 'சென்றேன்' எண்டு வந்திடும், வித்தியாசம் அழிஞ்சு போயிடும்.

இடப்பக்கத்துக்குப் போறது மூண்டு வகை. முதலாவது பழக்கம்: போறனான், வாறவர், விளையாடுறனாங்கள், சண்டை பிடிக்கிறவை. ரெண்டாவது நடந்துகொண்டு இருந்தது: படிச்சுக்கொண்டு இருந்தனான், மழை பெய்துகொண்டு இருந்தது. மூண்டாவது நிலைமை: வீடு பெரிசா இருந்தது, கிணத்தில தண்ணி உப்பா இருந்தது, எனக்கு நாயெண்டாப் பயமா இருந்தது. இந்த மூண்டும் அம்பார்ஃபே.

வலப்பக்கம் ஒருக்கா நடந்து முடிஞ்சது: போனனான், விழுந்தவர், வாங்கினது, வெளிக்கிட்டனாங்கள். இது பாஸே கொம்போஸே.

இல்லை எண்டு சொல்லுறதுக்கும் எங்கட தமிழ் கை குடுக்கும். 'நாங்கள் கடையில சாப்பிடுறேல்லை' எண்டா முந்தி அது எங்கட வழக்கம் இல்லை, அம்பார்ஃபே. 'சாப்பிடேல்லை' எண்டா அண்டைக்குச் சாப்பிடேல்லை, பாஸே கொம்போஸே. நடுவில வாற 'ற' சத்தம்தான் வித்தியாசம், காதால கேட்டாலே தெரியும்.

ஒரு இடத்தில மட்டும் கவனம். 'நான் அஞ்சு மணிக்கு எழும்புறனான்' எண்டு இப்பத்தைய பழக்கத்துக்கும் நாங்கள் சொல்லுவம். அது பிரெஞ்சில நிகழ்காலம், அம்பார்ஃபே இல்லை. அதால ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால 'முந்தி' எண்டு போட்டுப் பாருங்கோ. 'முந்தி அஞ்சு மணிக்கு எழும்புறனான், இப்ப இல்லை' எண்டு சரியா வந்தா இடப்பக்கம். வராட்டி அந்த வசனம் இந்தக் கொப்பிக்கே உரியதில்லை.

3. 'நூ'வைப் பிடிச்சு வாலை வெட்டுங்கோ

இப்பதான் பிரெஞ்சு. எந்த வினைச்சொல்லுக்கும் ஒரே வழி: நிகழ்கால 'நூ' வடிவத்தை எடுங்கோ, கடைசி ஓ-என்-எஸ் எண்ட மூண்டு எழுத்தையும் வெட்டுங்கோ, மிச்சம் நிக்கிறதுதான் அடி.

நூ பார்லோன், வெட்டினா 'பார்ல்', கதைக்க. நூ ஃபினிஸோன், 'ஃபினிஸ்', முடிக்க. நூ ஸத்தான்டோன், 'அத்தான்ட்', காத்திருக்க. முரட்டு வினைச்சொல்லுகள்கூட இந்த வழிக்கு வந்திடும்: குடிக்கிறது நூ ப்யூவோன், அப்ப 'ப்யூவ்'. எடுக்கிறது நூ ப்ரனோன், 'ப்ரன்'. செய்யிறது நூ ஃபஸோன், 'ஃபஸ்'. சொல்லுறது நூ டிஸோன், 'டிஸ்'. எழுதிறது நூ ஸேக்ரிவோன், 'ஏக்ரிவ்'. போறதுக்கு நூ ஸலோன், 'அல்'. இருக்குது, வைச்சிருக்கிறம் எண்டதுக்கு நூ ஸவோன், 'அவ்'.

இங்க எல்லாரும் விடுற பிழை, வினைச்சொல்லின்ர பேரில இருந்து அடி எடுக்கிறது. குடிக்கிறதின்ர பேர் 'புவார்', அதில இருந்து எடுத்து 'ஜ புவாயெ' எண்டு நான் எழுதினனான், அப்பிடி ஒரு சொல்லே இல்லை. 'ஜ ப்யூவெ'தான் சரி. பேரை மறவுங்கோ, நூவை மட்டும் பாருங்கோ.

மழை பெய்யிறதுக்கும், 'வேணும்' எண்டதுக்கும் நூ வடிவம் இல்லை, மழையை நாங்கள் பெய்யிறேல்லைத்தானே. அந்த ரெண்டையும் அப்பிடியே பாடமாக்குங்கோ: இல் ப்ளவெ, மழை பெய்துகொண்டு இருந்தது. இல் ஃபலெ, செய்யவேண்டி இருந்தது. அதோட 'இல் இயவெ', அங்க இருந்தது. இந்தக் கடைசியானது உங்களுக்கு ஒவ்வொரு கதையிலயும் வரும்.

4. ஆறு வால்

அடி நீலத்தில, வால் சிவப்பில எழுதுங்கோ. நான், ஜ: ஏ-ஐ-எஸ். நீ, தூ: அதே ஏ-ஐ-எஸ். அவர் (இல்), அவ (எல்), பேச்சில 'நாங்கள்' எண்டதுக்கு வாற 'ஓன்': ஏ-ஐ-ரி. நாங்கள், நூ: ஐ-ஓ-என்-எஸ். நீங்கள், வூ: ஐ-ஈ-இசட். அவை (அதுவும் இல்): ஏ-ஐ-ஈ-என்-ரி. எல்லா வினைச்சொல்லுக்கும் இதே ஆறுதான், கூட்டம் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்ட பிரிப்பு இங்க இல்லை.

ஒருக்கா முழுசாப் பாருங்கோ, கதைக்கிறது: ஜ பார்லெ, தூ பார்லெ, இல் பார்லெ, நூ பார்லியோன், வூ பார்லியே, இல் பார்லெ.

5. எத்ர் மட்டும் தனி

வழிக்கு வராத ஒரே ஒரு வினைச்சொல் எத்ர், 'இருக்க'. அதின்ர நூ வடிவம் 'நூ ஸோம்', அதில வெட்டுறதுக்கு ஓ-என்-எஸ் இல்லை. அதின்ர அடி 'ஏத்': ஜேத்தெ, தூ ஏத்தெ, இல் ஏத்தெ, நூ ஸேத்தியோன், வூ ஸேத்தியே, இல் ஸேத்தெ. இதைப் பல்லு விளக்கேக்கயும் சொல்லுற அளவுக்குப் பாடமாக்குங்கோ, ஏன் எண்டா உங்கட வசனத்தில மூண்டில ஒண்டு இதாத்தான் இருக்கப்போகுது.

6. எழுதேக்க சறுக்கிற இடங்கள்

சாப்பிடுறது மாதிரி ஜி-ஈ-ஆர் எண்டு முடியிற சொல்லுகளில, வால் 'ஏ'யில தொடங்கினா நடுவில ஒரு ஈ நிக்கவேணும், இல்லாட்டி 'ஜ' சத்தம் 'க' ஆப் போயிடும். ஜ மான்ஜெ, இல் மான்ஜெ எண்டதில எல்லாம் அந்த ஈ இருக்கு. ஆனா நூ மான்ஜியோன், வூ மான்ஜியே எண்டதில வால் 'ஐ'யில தொடங்கிறதால ஈ தேவையில்லை, எடுத்துவிடுங்கோ.

தொடங்கிறது மாதிரி சி-ஈ-ஆர் எண்டு முடியிற சொல்லுக்கும் அதே நியாயம்தான், ஈக்குப் பதிலா சிக்குக் கீழ சின்னக் கொக்கி ஒண்டு போடுறது. நூ, வூ ரெண்டுக்கும் அந்தக் கொக்கி வேண்டாம்.

படிக்கிறது, ஏத்யூடியே. இதின்ர அடியே ஐயிலதான் முடியும், அதோட ஐ-ஓ-என்-எஸ் சேர்ந்தா ரெண்டு ஐ பக்கத்தில பக்கத்தில வரும். பாக்கப் பிழை மாதிரித்தான் இருக்கும், அதுதான் சரி. நான் ஒண்டை வெட்டி வெட்டிப் புள்ளி இழந்தனான்.

7. வாயால சொல்லேக்க

நல்ல செய்தி என்னெண்டா ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-ரி, ஏ-ஐ-ஈ-என்-ரி மூண்டுக்கும் ஒரே சத்தம், திறந்த 'எ'. அவைக்கு வாற அந்த அஞ்செழுத்து வாலைப் பாத்திட்டு நான் 'பார்லயன்ட்' எண்டு வாசிச்சனான். அப்பிடி ஒரு நாளும் வாசிக்காதேங்கோ, அதில கடைசி மூண்டெழுத்தும் ஊமை.

நாங்கள் எண்டு சொல்லவும் ஒரு லேசு வழி இருக்கு. பிரெஞ்சுக்காரர் கதைக்கேக்க 'நூ'வை விட 'ஓன்'தான் கூடப் பாவிக்கிறவை. 'ஓன்' போட்டா வால் அவர் வால்தான், சத்தம் அதே 'எ'. நாங்கள் விளையாடுறனாங்கள்: ஓன் ஜூவெ. ஓன் பிடிச்சீங்கள் எண்டா வாயால சொல்லேக்க வூவைத் தவிர எல்லாம் ஒரே சத்தம். எழுத்துச் சோதினையில மட்டும் நூவையும் எழுதப் பழகி வைச்சிருங்கோ.

இப்ப பொல்லாத இடம். 'ஜ பார்லெ' எண்டா கதைக்கிறனான். 'ஜே பார்லே' எண்டா கதைச்சனான். ரெண்டும் எங்கட காதுக்கு ஒரே மாதிரித்தான் கேக்கும், நாங்கள் சொன்னாலும் ஒரே மாதிரித்தான் வரும், கேக்கிற ஆளுக்கு நீங்கள் எந்தக் காலத்தில நிக்கிறீங்கள் எண்டு விளங்காது. முன்னால ஜவும் பின்னால வாய் திறக்கிறதும் ஒண்டு, முன்னால ஜேயும் பின்னால வாய் ஒடுங்கிறதும் மற்றது. நான் இரவில போனில ரெக்கோட் பண்ணி, பத்துத்தரம் ஒண்டு, பத்துத்தரம் மற்றது எண்டு சொல்லிப்போட்டு, காலமை எழும்பித் திருப்பிக் கேக்கிறனான். எனக்கே எது எது எண்டு பிரிச்சுத் தெரியிறதுக்கு ஒன்பது நாள் எடுத்தது. உங்களுக்கும் அவ்வளவு எடுத்தாப் பயப்பிடாதேங்கோ.

அதே மாதிரி 'வூ பார்லே' இப்ப கதைக்கிறீங்கள், 'வூ பார்லியே' முந்திக் கதைக்கிறனீங்கள். நடுவில அந்தச் சின்ன 'இ'யை விழுங்கிப்போட்டா காலமே மாறிடும்.

8. ரெண்டு காலத்தையும் ஒரு கதையில சேருங்கோ

வால் போடத் தெரிஞ்ச உடன படிச்சு முடிஞ்சுது எண்டு நினைப்பம். இல்லை. உண்மையான வேலை இங்கதான். ஒரு கதையில பின்னுக்கு நிக்கிறது எல்லாம் அம்பார்ஃபே, முன்னுக்கு வந்து கதையை நகத்திறது பாஸே கொம்போஸே.

நான் பழகின கதையையே தாறன். 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்தில இருந்து சனம் எல்லாம் வெளிக்கிட்ட நாள். எனக்கு அப்ப எட்டு வயசு.

முதல் எனக்கு எத்தினை வயசு: ஜவெ உயித்தான். நிலைமை, அம்பார்ஃபே. மழை பெய்துகொண்டு இருந்தது: இல் ப்ளவெ. லைற் இல்லை: இல் னியவெ பா டேலெக்த்ரிஸித்தே. அம்மம்மா வழமை போல விளக்குக் கொளுத்திக்கொண்டு இருந்தவ: மா க்ரான்மெர் அல்யூமெ லா லாம்ப். இவ்வளவும் பின்னுக்கு நிக்கிற படம், ஒண்டும் நகரேல்லை.

இப்ப கதை நகருது. நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டனாங்கள்: நூ ஸவோன் கித்தே லா மேஸோன். ஒருக்காத்தான் நடந்தது, பாஸே கொம்போஸே. திரும்பவும் படம்: அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், மோன் பெர் பூஸெ ல வேலோ. அம்மா தம்பியைத் தூக்கி வைச்சிருந்தவ, மா மெர் போர்த்தெ மோன் பத்தி ஃப்ரெர். கடைசியா, இரவு முழுக்க நடந்தனாங்கள்: ஓன் னா மார்ஷே தூத் லா நுயி.

இந்தக் கடைசி வசனத்திலதான் எனக்கு நெடுக வட்டம் விழுந்தது. இரவு முழுக்க நடந்தது எவ்வளவு நீளம், மணித்தியாலக் கணக்கா நடந்துகொண்டு இருந்தனாங்கள், அப்ப அம்பார்ஃபேதானே எண்டு நான் அடம்பிடிச்சனான். இல்லை. 'இரவு முழுக்க' எண்டு சொன்ன உடன தொடக்கமும் முடிவும் போட்டுக் கட்டியாச்சு, கட்டி முடிஞ்ச நேரம் எவ்வளவு நீளம் எண்டாலும் பாஸே கொம்போஸே. ஆனா 'நடந்துகொண்டு இருக்கேக்க தம்பி அழத் தொடங்கினவன்' எண்டு எழுதினா அதே நடை அம்பார்ஃபேக்கு மாறும்: ஓன் மார்ஷெ. அழத் தொடங்கினது பாஸே கொம்போஸே. நடை ஒண்டுதான், நீங்கள் எங்க நிண்டு அதைப் பாக்கிறீங்கள் எண்டதுதான் மாறுது.

நீங்கள் உங்கட கதையை எடுங்கோ. நல்லூர்த் திருவிழா எடுத்தாலும் நல்லா வரும், இருவத்தைஞ்சு நாளும் போறனாங்கள், மணல்ல இருக்கிறனாங்கள், ஐஸ்கிறீம் குடிக்கிறனாங்கள், அதுக்குள்ள ஒருநாள் தங்கச்சி துலைஞ்சு போனா. வேற ஆளின்ர கதையை எழுதாதேங்கோ, சோதினையில பதட்டத்தில அது ஞாபகம் வராது.

9. தமிழால வாற பிழைகள்

எங்கட தமிழ் கனக்கக் கை குடுக்குது எண்டு சொன்னன், ஆனா சில இடத்தில அதுவே இழுத்து விழுத்திப்போடும்.

'நான் கிளிநொச்சியில மூண்டு வருசம் இருந்தனான்.' இருந்தனான் எண்ட உடன கை தானா அம்பார்ஃபேக்குப் போகும். மூண்டு வருசம் எண்டு கணக்குப் போட்டுக் கட்டியாச்சு, அதால ஜே அபித்தே, பாஸே கொம்போஸே. கணக்கில்லாமல் 'அப்ப நான் கிளிநொச்சியில இருந்தனான்' எண்டா ஜபித்தெ, அம்பார்ஃபே.

வயசு. தமிழில 'எட்டு வயசு' எண்டு வினைச்சொல்லே இல்லாமல் விட்டிடுவம், இங்கிலீசு தெரிஞ்ச ஆக்கள் எத்ரைப் போடுவினம். பிரெஞ்சில வயசை 'வைச்சிருக்கிறது': ஜவெ. ஜேத்தெ எண்டு எழுதினாப் பிழை.

'எனக்குத் தெரியும்' எண்டதும் அப்பிடித்தான். முந்தியே தெரிஞ்சிருந்தது எண்டா ஜ ஸவெ. அந்த நேரத்திலதான் தெரியவந்தது எண்டா ஜே ஸ்யூ, பாஸே கொம்போஸே. 'தெரியவந்தது' எண்டு தமிழில போட்டுப் பாத்தா உடன பிடிபடும்.

'நேற்று' எண்ட சொல்லைக் கண்டா பாஸே கொம்போஸே, 'ஒவ்வொரு நாளும்' கண்டா அம்பார்ஃபே எண்டு ஒரு லிஸ்ற் தருவினம். அரைவாசிக்குத்தான் அது சரி. 'நேற்றுச் சரியான வெக்கை' எண்டதில நேற்று இருக்கு, ஆனா வெக்கை நிலைமை, அதால இல் ஃபஸெ ஷோ, அம்பார்ஃபே. லிஸ்றை நம்பாமல் ரெண்டாம் படியில போட்ட கோட்டை நம்புங்கோ.

10. இறந்தகாலம் இல்லாத இடத்திலயும் வரும்

கந்தோரில ஒரு விசயம் கேக்கப் போனா 'எனக்கு இது வேணும்' எண்டு நேர கேக்கிறது முரட்டுத்தனமாக் கேக்கும். 'ஜ வூலெ வூ டமான்டே' எண்டு தொடங்கினா 'உங்களிட்ட ஒண்டு கேப்பம் எண்டு வந்தனான்' எண்ட பணிவு வரும். இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைச்சா அங்க போய் இறங்கின முதல் கிழமையே உதவும்.

'கடற்கரைக்குப் போவமே?' எண்டு கேக்க 'ஸி ஓன் னலெ', அதுவும் அம்பார்ஃபேதான். 'காசு இருந்தா வீடு வாங்குவன்' எண்ட மாதிரி வசனத்தில 'இருந்தா' பக்கம் அம்பார்ஃபே வரும், ஸி ஜவெ. தமிழிலயும் அது 'இருந்தா' எண்டு இறந்தகாலத்திலதான் நிக்குது, கவனிச்சுப் பாருங்கோ. மற்றப் பக்கத்துக்கு வேற வடிவம், அது பி1இல வரும், இப்ப விடுங்கோ.

11. சோதினைக்குப் போறதெண்டா

பிரான்சில 2024 ஜனவரியில வந்த சட்டத்தின்படி 2026 ஜனவரி 1இல இருந்து கனவருச விசாக் காட்டுக்கு ஏ2, பத்து வருசக் காட்டுக்கு பி1, குடியுரிமைக்கு பி2 எண்டு கேக்கினம். முந்தி பத்து வருசக் காட்டுக்கு ஏ2 காணும், குடியுரிமைக்கு பி1 காணும். பழைய கணக்கை வைச்சுக்கொண்டு சொல்லுற சொந்தக்காரரின்ர கதையைக் கேட்டு ஏ2வோட நிப்பாட்டாதேங்கோ.

டெல்ஃப் எண்ட பிரெஞ்சுச் சோதினை எழுதினா அந்தச் சேர்ட்டிபிக்கற் காலாவதி ஆகாது. ரிசிஎஃப் எண்ட மற்றச் சோதினை ரெண்டு வருசத்துக்குத்தான் செல்லும். இங்க இருந்து படிக்கிற ஆக்களுக்கு, எப்ப விசா வரும் எண்டு தெரியாத நிலைமையில, டெல்ஃப்தான் நல்லம் எண்டு நான் நினைக்கிறன்.

பதியேக்க பேர் பாஸ்போட்டில இருக்கிற மாதிரி எழுத்துக்கு எழுத்து இருக்கவேணும். இனிஷலைச் சுருக்காமல் அப்பாவின்ர பேரை முழுசா எழுதுங்கோ. நான் அடையாள அட்டையில இருக்கிற மாதிரி இனிஷலோட குடுத்திட்டுப் பேந்து மாத்த ஓடித்திரிஞ்சனான். ஏற்கெனவே ஏ1 டெல்ஃப் எழுதின ஆக்கள் அந்தக் கான்டிடேற் நம்பரையும் குடுங்கோ, திரும்பப் புதுசா எடுக்கிறேல்லை.

நான் எழுதினது கொழும்பில. இரவு பஸ்ஸில போய் இறங்கி முகம் கழுவிப்போட்டு நேர சோதினைக்குப் போனனான், முதல் வாறது கேக்கிற பகுதி, நித்திரைக் கண்ணோட ஒலிப்பதிவைக் கேட்டு அரைவாசி போச்சுது. ஒரு நாள் முந்திப் போய்த் தங்குங்கோ, அந்தக் காசு வீண்போகாது.

டெல்ஃப் ஏ2வில மொத்தம் நாலு பகுதி, ஒவ்வொண்டுக்கும் 25 புள்ளி, நூறுக்கு 50 எடுத்தாப் பாஸ், ஆனா ஒரு பகுதியிலயும் 5க்குக் கீழ போகக்கூடாது. எழுத்துக்கு 45 நிமிசம், ரெண்டு கேள்வி, ஒவ்வொண்டும் குறைஞ்சது 60 சொல். முதல் கேள்வியில நடந்த ஒரு விசயத்தை எழுதச் சொல்லுவினம், அங்கதான் அம்பார்ஃபே. எனக்குச் சரிவந்த முறை: ரெண்டு கேள்வியையும் நாப்பது நிமிசத்தில முடிச்சிட்டு, கடைசி அஞ்சு நிமிசத்தில முதல் கேள்வியின்ர வினைச்சொல்லுகளை மட்டும் பென்சிலால மெல்லிசாக் கீறிக்கொண்டு போறது. ஒவ்வொண்டிலயும் நிண்டு மனசுக்குள்ள 'போறனானோ, போனனானோ' எண்டு தமிழில கேக்கிறது. நான் அந்த அஞ்சு நிமிசத்தில மூண்டு பிழை பிடிச்சனான், அதில ஒண்டு வயசு.

வாய்ச் சோதினை ஆறில இருந்து எட்டு நிமிசம், முன்னால பத்து நிமிசம் ஆயத்தம் பண்ணத் தருவினம். அந்தப் பத்து நிமிசத்தில முழு வசனம் எழுதப் போகாதேங்கோ, நேரம் காணாது. தாளில நடுவில கோடு போட்டு இடப்பக்கம் நாலு சொல், வலப்பக்கம் நாலு சொல் எழுதி வையுங்கோ. கதைக்கேக்க கண் எந்தப் பக்கத்தில நிக்குதோ வாயும் அந்தக் காலத்தில நிக்கும்.